மரத்தடி நிழலில் காட்டுப்பூ: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு ஒத்தக்கடைப் பக்கம். கொல்லையில் இரண்டு வேம்பும் ஒரு புங்கையும் நிற்கின்றன, கூரை மாதிரி நிழல். அந்த நிழலில் நம்ம ஊர் மலையடிவாரச் செடிகளை ஒன்பது வருஷமாக வளர்த்துப் பார்க்கிறேன், பாதி பிழைத்திருக்கிறது, பாதி என் கையாலேயே செத்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்டதையே கேட்பதால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் தாவரவியல் படித்தவன் இல்லை.

காட்டுப்பூ என்று எதைச் சொல்கிறீர்கள்?

அழகர்மலை, சிறுமலை, நாகமலை, இடையபட்டி மாதிரிக் கோயில்காடுகள், இங்கெல்லாம் மரத்துக்கும் புதருக்கும் கீழே யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் தானாக வருகிற பூச்செடிகள். செங்காந்தள், நிலப்பனை, கொடிவேலி, நிலவேம்பு, நீலாம்பரி, கானாவாழை, பாவட்டை, காட்டுமல்லிகை. கனகாம்பரமும் இதில் சேர்த்திதான். பூக்காரம்மா கட்டுகிற சரத்திலேயே பார்த்துப் பழகிவிட்டதால் அது ஒரு காட்டுச்செடி என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதற்குத் தாயகம்.

நிழலில் பூ பூக்குமா? எங்கள் மல்லி நிழலில் பூக்கவே இல்லையே.

மல்லி பூக்காது. அது முழு வெயில் கேட்கிற செடி. புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு மொட்டு வரவில்லை என்று மருந்துக்கடைக்கு ஓடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்தில் ஒன்றும் இல்லை, இடத்தை மாற்றுங்கள்.

மரத்தடியிலேயே பிறந்து வளர்ந்த செடிகள் வேறு. அவை குறைந்த வெளிச்சத்தில் பூக்கப் பழகியவை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், மல்லித் தோட்டம் மாதிரிக் குப்பென்று பூத்துக் குலுங்காது. இங்கே ஒன்று, அங்கே இரண்டு, குனிந்து பார்த்தால்தான் தெரியும். நிலப்பனையின் மஞ்சள் பூ தரையோடு தரையாக, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, ஆறு இதழ் நட்சத்திரமாக இருக்கும். வீட்டுக்கு வந்த மாமா அதை மிதித்துக்கொண்டு நின்றபடியே "பூ எங்கடா?" என்று கேட்டார்.

வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுமரங்களுக்குக் கீழே தரை முழுக்கப் பூவாக இருக்கிறதே, அப்படிச் செய்ய முடியுமா?

முடியாது. குளிர் நாடுகளில் மரங்கள் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும். வசந்தத்தில் மரம் இலை விடுவதற்கு முன்னால் தரையில் வெயில் விழுகிற அந்தச் சில வாரங்களுக்குள் கீழே இருக்கிற செடிகள் அவசர அவசரமாகப் பூத்து முடித்துவிடும். அங்கே கடிகாரம் வெளிச்சம்.

இங்கே வேம்பு மாசியில் இலை உதிர்க்கும். வெளிச்சம் தாராளமாக விழும், ஆனால் மண்ணில் சொட்டு ஈரம் இருக்காது. அதனால் நம்ம ஊர்ச் செடிகள் அந்த நேரத்தில் கிழங்காக, விதையாக மண்ணுக்குள் தூங்கும். ஐப்பசி மழைக்குத்தான் எல்லாம் எழுந்து பூக்கும். இங்கே கடிகாரம் மழை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருஷம் ஆனது. அந்த மூன்று வருஷத்தில் நான் கொன்ற செடிகளில் பெரும்பாலானவை தண்ணீர் அதிகமாகக் குடித்துச் செத்தவை, காய்ந்து செத்தவை ரொம்பக் குறைவு.

என் வீட்டு நிழல் எந்த மாதிரி நிழல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உச்சிவேளையில் ஒரு வெள்ளைத்தாளை மண்ணில் விரியுங்கள். அதற்கு மேலே ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல் விரலாக அச்சு மாதிரி நிழல் விழுந்தால் அது வெயில் இடம். கை தெரிகிறது ஆனால் ஓரம் கலங்கலாக இருந்தால் அது சல்லடை நிழல், நமக்கு வேண்டியது அதுதான். கை விழுந்ததே தெரியவில்லை என்றால் அடர்ந்த நிழல். இதைப் பங்குனியில் ஒரு தடவையும் ஐப்பசியில் ஒரு தடவையும் செய்து பாருங்கள், ஒரே இடம் இரண்டு மாதிரி பதில் சொல்லும்.

மதுரையில் வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே மூன்றடிச் சந்து விடுவோமே, அது அடர்ந்த நிழல். அங்கே கானாவாழை வரும், கொடிவேலி பிழைக்கும், பூ கம்மியாகத்தான் இருக்கும். வெள்ளையடித்த சுவராக இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை, வெளிச்சம் அடித்துத் திரும்பும்.

எந்த மரத்தடி நல்லது?

புங்கை. கேள்வியே இல்லை. வெயில் காலத்தில்தான் அது பச்சைப்பசேல் என்று நிற்கும், உதிர்கிற இலை சீக்கிரம் மக்கும். வேம்பு அடுத்தது. மா, சப்போட்டா நிழல் கனமானது, கீழ்க்கிளைகளை ஆளுயரத்துக்குக் கழித்துவிட்டால் ஓரத்தில் செடி வைக்கலாம். புளியமரத்தடியில் கொடிவேலி தவிர எனக்கு எதுவும் நிலைக்கவில்லை. பேய் இருக்கிறது என்று அப்பத்தா சொல்லும். எனக்கென்னவோ நிழலின் கனமும் வேரின் பசியும்தான் காரணம் என்று படுகிறது.

எந்த மரமானாலும் அடிமரத்தை ஒட்டி மண் மேடு போடாதீர்கள், பட்டை அழுகும். வேரை வெட்டிப் பாத்தி கட்டவும் வேண்டாம். கடப்பாரையால் வேர்களுக்கு நடுவே குத்திப் பாருங்கள், எங்கே ஒரு சாண் ஆழம் இறங்குகிறதோ அங்கே ஒரு குழி. அந்தக் குழிகள் எங்கே அமைகிறதோ அதுதான் உங்கள் தோட்டத்தின் வரைபடம்.

மண்?

செம்மண் என்றால் பாதி வேலை முடிந்தது, அதோடு மக்கின இலையைச் சரிக்குச் சரி கலந்தால் போதும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் கரிசல்காரர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். மழையில் கரிசல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கிழங்கெல்லாம் கூழாகிவிடும். ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, உடைத்த செங்கல் ஜல்லி கலந்து விடுங்கள். ஆற்றுமணல் தேடி அலைய வேண்டாம், கட்டட வேலை நடக்கிற இடத்தில் ஒரு சட்டி செங்கல் துண்டு கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

முதன்முதலாக ஆரம்பிக்கிறேன். ஒரே ஒரு செடி சொல்லுங்கள்.

கனகாம்பரம். ஆனால் பூ மார்க்கெட்டுக்காக நடுகிற டெல்லி கனகாம்பரம் வேண்டாம். அது விதையே பிடிக்காத மலட்டு ரகம், குச்சி வெட்டித்தான் பெருக்க முடியும். உங்களுக்கு வேண்டியது கிராமத்து வீடுகளில் வாசல் ஓரம் தானாக முளைத்து நிற்கிற பழைய ஆரஞ்சுக் கனகாம்பரம். எங்களுக்கு அது மேலூர்ப் பக்கம் சித்தி வீட்டுத் துளசி மாடத்துக்குப் பின்னாலிருந்து வந்தது.

விதை எடுக்கிற விதம் ஒரு கூத்து. பூ முடிந்த கதிர் வைக்கோல் நிறத்துக்குக் காய்ந்ததும் பறித்து ஒரு சில்வர் சொம்பில் போடுங்கள். நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு ஒரு தட்டை வைத்து மூடுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் உள்ளே டக் என்று ஒரு சத்தம், பிறகு டக் டக் டக் என்று கடுகு தாளிக்கிற மாதிரி வெடிக்கும். காய் காய்ந்து இறுகிக் கிடக்கிறது, ஈரம் பட்டதும் பிளந்து விதையைத் தூக்கி எறிகிறது. முதல் மழை விழுகிற நேரம் பார்த்து விதைப்பதற்கு அந்தச் செடி கண்டுபிடித்த வழி அது. என் அக்கா மகன் இதற்காகவே லீவுக்கு வருகிறான்.

விதையை மண்ணில் தூவி, கால் அங்குலத்துக்குச் சலித்த மண் போட்டால் போதும். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரமும் மீதி நேரம் நிழலும் இருந்தால் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் விடாமல் பூக்கும். வேரில் நூற்புழு வருவதுதான் பெரிய தொல்லை, செடி நன்றாக இருந்துகொண்டே திடீரென்று சவலையாகிவிடும். நடும்போதே குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போடுங்கள், அதே குழியில் திரும்பத் திரும்பக் கனகாம்பரமே வைக்காதீர்கள்.

செங்காந்தள் வளர்க்க ஆசை. முடியுமா?

முடியும். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் ஏக்கர் கணக்கில் விதைக்காக வயலிலேயே பயிர் செய்கிறார்கள். அங்கே போய்க் கண்வலிக்கிழங்கு என்று கேட்டால்தான் தெரியும், கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள். கிழங்கைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரிந்துவிடும், கலப்பை மாதிரியே இரண்டாகக் கவைத்து இருக்கும்.

அந்தக் கவையின் நுனியில்தான் முளைக்கண் இருக்கிறது. கிழங்கு வெள்ளரிப்பிஞ்சு மாதிரி படக்கென்று ஒடியும், நுனி ஒடிந்தால் அவ்வளவுதான், அந்தக் கிளை முளைக்காது. முதல் வருஷம் நான் வாங்கிய நாலு கிழங்கை மஞ்சப்பையில் போட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், வீட்டில் கொட்டிப் பார்த்தால் மூன்றுக்கு மூக்கு இல்லை. இப்போதெல்லாம் தேங்காய்நார்க் கழிவு நிரப்பிய டப்பாவில்தான் எடுத்து வருகிறேன்.

ஆனி, ஆடியில் இரண்டங்குல ஆழத்தில் படுக்கவைத்து நடுங்கள். முளை வரும் வரை தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்ற வேண்டாம். பக்கத்தில் ஒரு குச்சியோ புதரோ இருக்க வேண்டும், ஏனென்றால் இது இலையின் நுனியையே சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறுகிற கொடி. அடி நிழலிலும் தலை வெயிலிலும் இருந்தால் அதற்கு ரொம்பப் பிடிக்கும், அதனால் மரத்தின் ஓரத்தில், கிளை முடிகிற வட்டத்தில் நடுங்கள். நான் பாவட்டைப் புதருக்குப் பக்கத்தில் விட்டிருக்கிறேன், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.

பூ முதலில் பச்சையாகத் தலைகுனிந்து விரியும். இதழ்கள் ஒவ்வொன்றாக மேலே மடங்கும். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் நுனியிலிருந்து சிவந்துகொண்டே வந்து, கடைசியில் முழுக்கத் தீயாக நிற்கும். ஒரே கொடியில் எல்லா நிறமும் ஒரே சமயத்தில் இருக்கும். பூவின் பெண் பாகமான சூல்தண்டைக் கவனியுங்கள், அது பூவின் நடுவே நேராக நிற்காமல் பக்கவாட்டில் ஒடித்துவைத்த மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன்மேலேயே விழாமல் தள்ளி நிற்கிற ஏற்பாடு. வீட்டில் ஒன்றிரண்டு கொடிதான் இருக்கிறது, காய் வேண்டும் என்றால் ஒரு கொடியின் மகரந்தத்தைப் பஞ்சில் தொட்டு இன்னொரு கொடியின் சூல்தண்டு நுனியில் வையுங்கள். வயல்காரர்களும் கையால்தான் செய்கிறார்கள்.

ஒரு புழு வரும். கறுப்பு உடம்பு, வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி, பார்க்க அலங்காரமாக இருக்கும். இரண்டு நாளில் கொடியைத் தண்டாக்கிவிடும். மருந்தடிக்க வேண்டாம், காலையில் இலைக்கு அடியில் பார்த்துப் பொறுக்கி எடுங்கள்.

விஷம் என்கிறார்களே?

ஆமாம், விளையாட்டு இல்லை. செங்காந்தளில் கொல்சிசின் என்கிற பொருள் இருக்கிறது, அதிலிருந்து மருந்தும் எடுக்கிறார்கள், அதுவே அளவு மீறினால் ஆளைக் கொல்லும். கிழங்கிலும் விதையிலும் அதிகம், ஆனால் எந்தப் பாகமும் வாயில் படக்கூடாது. சர்க்கரைவள்ளி என்று நினைத்து வேகவைத்துத் தின்று உயிர்போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. கிழங்கை அடுக்களைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். யாராவது தின்றுவிட்டால் புளி கரைத்துக் கொடுக்கிறேன், மோர் கொடுக்கிறேன் என்று நேரத்தைப் போக்காமல் மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொடிவேலியின் வேர்ச்சாறு தோலில் பட்டால் கொப்புளம் போடும். நரிவெங்காயமும் நச்சுக்கிழங்குதான். தவழ்கிற குழந்தையோ மண்ணைத் தோண்டுகிற நாயோ வீட்டில் இருந்தால் இந்த மூன்றையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், கனகாம்பரமும் நிலவேம்பும் நீலாம்பரியும் போதும்.

சித்திரையில் எல்லாம் காய்ந்துபோச்சு. செத்துவிட்டதா?

அதிகம் வருகிற கேள்வி இது. பெரும்பாலும் சாகவில்லை. செங்காந்தள் தை, மாசியில் காய் வெடித்ததும் கொடியோடு காய்ந்துவிடும். நிலப்பனை இலையும் கருகிப்போகும். தொட்டியைப் பார்த்தால் வெறும் மண்தான். அந்த வெறும் மண்ணுக்குத் தினமும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவதுதான் நாம் செய்கிற தப்பு. தூங்குகிற கிழங்கு தண்ணீரைக் குடிக்காது, அதில் ஊறி அழுகும். கத்திரி வெயில் முடியும் வரை தண்ணீரை நிறுத்துங்கள், மேலே சருகு மட்டும் மூடி இருக்கட்டும், கோடை மழை பெய்தால் பெய்யட்டும்.

இன்னொரு தப்பும் உண்டு, அதில் நான் பட்ட அடி பெரிது. மூன்றாவது வருஷம் வைகாசியில் பெயின்ட் வேலைக்கு வந்தவர்களிடம் தொட்டிகளை ஓரமாக வைக்கச் சொன்னேன். "காலியாத்தான அண்ணே இருந்துச்சு" என்று ஏழு தொட்டி மண்ணையும் ரோட்டுப் பள்ளத்தில் கொட்டிவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, பார்க்க அது காலித்தொட்டிதான். பள்ளத்தைக் கிளறி இரண்டு கிழங்கு மீட்டேன். இப்போது ஒவ்வொரு தொட்டியிலும் "தூங்குது" என்று எழுதிய ஐஸ்குச்சி செருகியிருக்கிறேன்.

நரிவெங்காயம் இதற்கு நேர்மாறு. இலை ஒன்றுமே இல்லாத கோடையில் மொட்டைத் தண்டு ஒன்றை இரண்டடிக்கு மேல் நீட்டி, சாயங்காலத்தில் பூக்கும். இலை அப்புறம் மழைக்குத்தான் வரும்.

எப்போது நடுவது? ஆடிப்பட்டம்தானே?

கிழங்குக்கு ஆடி சரி. விதைக்கு நான் ஆடியில் கை வைக்க மாட்டேன். நம்ம ஊர் ஆடிக்காற்று சின்ன நாற்றை ஒரே நாளில் சருகாக்கிவிடும். ஆவணிக் கடைசியில் சாயங்கால இடிமழை நாலைந்து விழுந்த பிறகு, புரட்டாசிக்குள் விதையுங்கள். ஐப்பசி அடைமழை வருவதற்குள் நாற்று நாலு இலை விட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழையே அடித்துக்கொண்டு போய்விடும். நிலவேம்பு விதையின் தோல் கெட்டி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் சீராக முளைக்கும்.

எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல ஆசைதான். கனகாம்பரத்தின் இலை ஓரம் கருகினால் அது உப்பின் வேலை. மொட்டைமாடித் தண்ணீரை ஒரு இருநூறு லிட்டர் டிரம்மில் பிடித்து வையுங்கள், நாற்றுப் பருவத்துக்கு மட்டும் அதை ஊற்றினால் போதும், வளர்ந்த செடி ஓரளவு தாங்கும். டிரம்முக்குக் கொசுவலை கட்டுங்கள். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீர் இன்னும் உப்பு, அதைச் செடிக்கு ஊற்றுவதும் ஊற்றாமல் இருப்பதும் ஒன்றுதான், ஊற்றாமல் இருப்பது மேல்.

இலையைக் கூட்டாமல் விட்டால் பாம்பு வராதா?

இதற்காக எங்கள் வீட்டில் நடக்காத சண்டை இல்லை. அம்மாவுக்கு விடிந்ததும் கொல்லை பளிச்சென்று இருக்க வேண்டும், விளக்குமாற்றுக் கோடு மண்ணில் தெரிய வேண்டும். அந்தக் கோட்டோடு சேர்ந்து முளைத்து வந்த நிலவேம்பு நாற்றும் குப்பைக்குப் போய்விடும். சருகு இல்லாவிட்டால் இந்தத் தோட்டமே இல்லை. அதுதான் ஈரத்தைப் பிடிக்கிறது, மக்கி உரமாகிறது, தூங்குகிற கிழங்குக்குப் போர்வையாக இருக்கிறது. இரண்டங்குலக் கனம் போதும்.

பாம்புக்கு வருவோம். பயப்படுவது நியாயம்தான், நம்ம பக்கம் கட்டுவிரியன் உண்டு. பாம்பு பெரும்பாலும் எலியையும் தவளையையும் தேடித்தான் வருகிறது. கொல்லையில் செங்கல் குவியல், விறகு அடுக்கு, கொட்டின சோறு இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். வாசல், கிணற்றடி, துணி காயப்போடும் இடம், இங்கிருந்து நாலடிக்கு மண் வெறுமையாகக் கூட்டி இருக்கட்டும். அதற்கு அந்தப் பக்கம் கல் வரிசை ஒன்று வைத்து, கல்லைத் தாண்டினால் சருகு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் நான், அதுதான் எங்கள் வீட்டு ஒப்பந்தம். இருட்டினபிறகு டார்ச் இல்லாமல் அங்கே போகக்கூடாது. சருகுக்குள் வெறுங்கையை விடக்கூடாது, குச்சியால் புரட்டிவிட்டுத்தான்.

அழகர்மலைக்குப் போகும்போது இரண்டு செடி பிடுங்கி வரலாமா?

வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து செடியை எடுப்பது 1882ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச்சட்டப்படியே குற்றம். சட்டத்தை விடுங்கள், நூபுரகங்கைக்குப் போகிற வழியில் இருக்கிறதை ஆளுக்கு இரண்டு பிடுங்கினால் அங்கே மிச்சம் என்ன இருக்கும்? பிடுங்கி வந்த காட்டுக்கிழங்கு வீட்டில் பிழைப்பதும் அபூர்வம். அரிட்டாபட்டியை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், அங்கே போய்ப் பாருங்கள், எந்தச் செடி எந்தப் பாறை நிழலில், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று படம் எடுத்து வாருங்கள். அதுதான் அங்கிருந்து கொண்டுவர வேண்டியது.

செடிக்கு வேறு வழிகள் இருக்கின்றன. நிலவேம்பு, ஆடாதோடை, தண்ணீர்விட்டான், கொடிவேலி எல்லாம் மூலிகை நர்சரிகளில் கிடைக்கும், பூச்செடி நர்சரியில் கேட்டால் விழிப்பார்கள். செங்காந்தள் கிழங்கு பயிர் செய்கிற விவசாயியிடம். மற்றது சொந்தக்காரர் வீட்டுக் கொல்லை, வாய்க்கால் ஓரம், வீட்டடி மனை போட ஜேசிபி நிற்கிற காலி இடம். நாளைக்கு மண்ணோடு போகப்போகிற செடி என்றால் அந்த இடத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். என் நிலப்பனை அப்படி வந்ததுதான்.

குறிஞ்சி?

அது வராது. நீலக்குறிஞ்சி 1300 மீட்டருக்கு மேலே குளிர்ந்த புல்வெளியில் வாழ்கிற செடி, நாம் இருப்பது நூறு மீட்டர் சொச்சத்தில். 2018இல் பூத்தது, பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி அடுத்தது 2030. கொடைக்கானலுக்கு பஸ் ஏறுங்கள். யாராவது குறிஞ்சி நாற்று என்று விற்றால் வாங்காதீர்கள்.

பட்டாசுக்காய்ச் செடி, நித்தியகல்யாணி எல்லாம் நம்ம ஊர்ச் செடிதானே?

இல்லை. தண்ணீரில் போட்டால் வெடிக்குமே, எச்சில் தொட்டு நாம் எல்லோரும் விளையாடிய அந்த ஊதாப்பூச் செடி, அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. உண்ணிச்செடியும் அந்திமந்தாரையும் அங்கிருந்துதான். நித்தியகல்யாணி மடகாஸ்கர். அதற்காக எல்லாவற்றையும் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. நித்தியகல்யாணி ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும். பட்டாசுக்காய் மட்டும் கொஞ்சம் இடம் கொடுத்தால் மடத்தையே பிடுங்கும், நாற்றிலேயே எடுத்துவிடுங்கள். உண்ணிச்செடி வேண்டவே வேண்டாம், மலையில் அது செய்கிற அழிச்சாட்டியமே போதும்.

அபார்ட்மென்ட் பால்கனியில் முடியுமா?

கிழக்குப் பார்த்த பால்கனி என்றால் நன்றாகவே முடியும். பத்து அங்குலத் தொட்டியில் கனகாம்பரம், அகலமான தட்டையில் நிலப்பனை, கம்பியில் ஏற்றிவிட ஒரு செங்காந்தள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்காதீர்கள், கிழங்கும் கெடும், கொசுவும் வரும். சருகு அங்கே தானாக விழாது, கீழே வாட்ச்மேன் கூட்டி வைக்கிற குவியலில் ஒரு பை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உரம்?

சருகு. வருஷத்துக்கு ஒரு தடவை புரட்டாசியில் ஒரு கை மக்கின சாணி. யூரியா போட்டால் இலை கொழுத்துப் பூ நின்றுவிடும்.

மரத்தடியில் ஏதோ செத்த நாற்றம் அடிக்கிறது. எலி இல்லை. என்ன அது?

அந்த இடத்தில் எப்போதாவது சேனைக்கிழங்கு புதைத்து வைத்தீர்களா? சித்திரை, வைகாசியில் கோடை மழை விழுந்ததும், இலை வருவதற்கு முன்னால் முதிர்ந்த சேனை பூக்கும். மெரூன் நிறத்தில் சுருக்கம் விழுந்த ஒரு பெரிய தலை, சுற்றிலும் பாவாடை மாதிரி மடல். அழுகின மாமிச வாசனை காட்டி ஈயையும் வண்டையும் கூப்பிடுகிற பூ அது. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் இரண்டு நாள் சாக்கடை மூடியெல்லாம் திறந்து பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் எங்கள் வேலி ஓரத்தில் வந்து குனிந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "தம்பி, இதையா வளர்க்கிற?" என்றார். நாற்றம் இரண்டு மூன்று நாளில் போய்விடும். சகிக்க முடியாவிட்டால் ஒரு வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

மயில் வந்து எல்லாவற்றையும் கொத்திவிடுகிறது.

எங்களுக்கும்தான். அடிக்கவும் விரட்டிப் பிடிக்கவும் கூடாது. நாற்றுக்கு மேலே காய்ந்த கருவேல முள்ளைப் பரப்பி வைக்கிறேன், செடி ஒரு சாண் உயர்ந்த பிறகு எடுத்துவிடலாம். ஆட்டுக்கு வேலி ஓரம் ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்று பெயரிலேயே இருக்கிறது, உண்மையிலேயே தொடுவதில்லை, வெள்ளைப் பூவும் கிடைக்கும்.

கொடிவேலி இலையில் சின்னப் புழு இருக்கிறது, மருந்து அடிக்கட்டுமா?

வேண்டாம், விட்டுவிடுங்கள். வரிக்குதிரை மாதிரிக் கோடு போட்ட ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சி உண்டு, அதன் பிள்ளை அது. கொடிவேலி தாங்கும். வெள்ளைப் பூவின் அடியில் பசை மாதிரி ஒட்டும் முடிகள் இருக்கும், காய் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வரும், அப்படித்தான் அது ஊரெல்லாம் பரவுகிறது.

பூவைப் பறித்துச் சாமிக்கு வைக்கலாமா?

தாராளமாக. முருகனுக்குக் காந்தள் விசேஷம். கனகாம்பரத்தையும் பறியுங்கள், ஆனால் செடிக்கு இரண்டு கதிரையாவது கிள்ளாமல் காயவிடுங்கள், சில்வர் சொம்பில் போட வேண்டும். எங்கள் வீட்டில் எந்தக் கதிர் விதைக்கு என்று தெரிவதற்காக அம்மா அதில் ஒரு மஞ்சள் நூல் கட்டிவிடுகிறார், அவரேதான், யாரும் சொல்லாமல்.